கோடை விடுமுறையில் உறங்கும் பெரணி

(திருச்சிராப்பள்ளியில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில், ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் தாவரவியல் ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நம் வகுப்புக் குழந்தைகளில் எத்தனை பேர் ஒரு பெரணி இலையைக் கையால் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? படத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பூவாத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் கடைசி வரிசையிலிருந்துகூட ‘பெரணி’ என்று பதில் வந்துவிடும். பதினோராம் வகுப்பில் அதன் வாழ்க்கைச் சுழற்சியை வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பாகம் குறித்து அழகாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். அந்த வட்டத்தில் ஒரு புள்ளியையாவது உயிரோடு பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

“திருச்சி வெயிலில் பெரணியா? அதெல்லாம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வளர்வது” என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. அந்த எண்ணத்தை மாற்றத்தான் இந்த உரை. நம் மாவட்டத்து மலைக்காட்டில் வளரும் ஒரு சின்னப் பெரணியை வீட்டுக் கொல்லையிலும் பள்ளியின் ஒரு மூலையிலும் எப்படி வளர்க்கலாம், அதிலும் காட்டிலிருந்து ஒரு செடியைக்கூடப் பிடுங்காமல் எப்படி வளர்க்கலாம் என்பதைச் சொல்லப்போகிறேன்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த பெரணிகள்

முதலில், பெரணி நமக்கு அந்நியம் இல்லை. காவிரிப் பாசனப் பகுதியில் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நான்கு சிற்றிலைகளோடு படர்ந்து கிடக்கும் ஆரைக்கீரையை உங்களில் பலர் பறித்துச் சமைத்திருப்பீர்கள். அது கீரை என்று நமக்குத் தெரியும். பெரணி என்று தெரியாது. மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்க்கும் அசோலாவும் ஒரு பெரணிதான். கொல்லிமலைக்குப் போனால் சாலையோரம் ‘முடவாட்டுக்கால்’ என்று ஒரு கிழங்கை விற்பார்கள். ஆட்டுக்கால் போல ரோமம் மூடியிருக்கும், சூப் வைப்பார்கள். அது மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் பெரணியின் மட்டநிலத் தண்டு.

பழைய செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை பெயர்ந்த கிணற்றுச் சுவர், கழிவுநீர்க் கால்வாயின் பக்கச் சுவர் ஆகியவற்றில் நீண்ட இலைகளோடு தொங்கும் இன்னொரு பெரணி உண்டு. தாவரவியலில் அதன் பெயர் டெரிஸ் விட்டேட்டா. யாரும் மதிக்காத இந்தச் செடி, மண்ணில் உள்ள ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலைகளில் பெருமளவு சேர்த்துவைக்கிறது என்பதை அமெரிக்காவின் புளோரிடாவில் ஆய்வாளர்கள் கண்டறிந்து 2001இல் வெளியிட்டார்கள். நஞ்சு கலந்த நிலத்தைச் சீர்செய்ய இந்தச் செடியைப் பயன்படுத்தலாமா என்று அதன் பிறகு உலகின் பல இடங்களில் ஆராய்ச்சிகள் நடந்தன. அப்படிப்பட்ட செடியைத் தினமும் கடந்துதான் பள்ளிக்குப் போகிறோம்.

நடக்கும் பெரணி

இன்று நான் பேச வந்தது இவற்றையெல்லாம்விடச் சிறிய ஒரு பெரணியைப் பற்றி. பெயர் அடியாண்டம் பிலிப்பென்ஸ். லின்னேயஸ் 1753இல் பெயர் வைத்த செடி. பெயரில் பிலிப்பைன்ஸ் இருந்தாலும் செடி நம்முடையதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும், பச்சைமலை, கொல்லிமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும், நிழலான ஓடைக்கரைகளிலும் மண்சரிவுகளிலும் மழைக்காலத்தில் தலைகாட்டும்.

ஒரு சாண் உயரம், மிஞ்சினால் கொஞ்சம் கூடுதல். காம்பு கறுப்பாக, எண்ணெய் தடவி வாரிய கூந்தல் இழை போல மினுங்கும். காம்பின் இரு பக்கமும் அரை நிலா வடிவில் சிற்றிலைகள். இலையின் நுனி மட்டும் நீண்டு, வளைந்து, மண்ணைத் தொட்டதும் அங்கே வேர் விட்டு ஒரு புதுச் செடியாகிவிடும். அந்தச் செடியின் இலை நுனி அடுத்த அடியை எடுத்துவைக்கும். அதனால்தான் இதை ‘நடக்கும் பெரணி’ என்கிறார்கள். ஒரு தொட்டியில் வைத்த செடி இரண்டு ஆண்டுகளில் பக்கத்துத் தொட்டிக்கு நடந்து போயிருப்பதைக் குழந்தைகள் பார்த்தால், தழைவழி இனப்பெருக்கம் என்ற பாடத்தை அதற்கு மேல் விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு. மழை நின்று வெயில் ஏறும்போது மேலே உள்ள இலைகள் காய்ந்து சுருங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கும் சின்னத் தண்டு மட்டும் உயிரோடு உறங்கும். மீண்டும் ஈரம் கிடைத்ததும் சுருள் கொழுந்துகளோடு எழுந்துவரும். இந்தக் குணத்துக்காகத்தான் நம் பள்ளிகளுக்கு இந்தச் செடியைப் பரிந்துரைக்கிறேன்.

பள்ளிகளில் செடி வளர்ப்பவர்களுக்கு ஒரு வேதனை தெரியும். ஜூனில் ஆர்வமாகத் தொடங்குவோம். தேசிய பசுமைப் படையோ, சுற்றுச்சூழல் மன்றமோ, வகுப்பறைத் தோட்டமோ, எதுவாக இருந்தாலும் மார்ச் வரை நன்றாகப் போகும். மே மாதம் விடுமுறை. தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஜூனில் பள்ளி திறக்கும்போது தொட்டிகளில் குச்சிகள்தான் நிற்கும். நர்சரிகளில் ‘பாஸ்டன் பெரணி’ என்று விற்கிறார்களே, அது ஆண்டு முழுவதும் ஈரம் கேட்கும் செடி. 1894இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போன ஒரு சரக்கில் தனித்துத் தெரிந்து பெயர் பெற்ற வகை. திருச்சி மே மாதத்தில், அதுவும் ஆளில்லாத பள்ளியில், அது தாக்குப்பிடிக்காது. நம் மலைப் பெரணிக்கோ மே மாதம் என்றாலே விடுமுறைதான். அதன் ஆண்டும் நம் கல்வியாண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடுகின்றன.

இடம் பார்த்தல்

செடி வைப்பதற்கு முன் இடம் பார்க்க வேண்டும். நம் ஊரில் பெரணிக்கு எதிரி வெயில் மட்டும் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை திருச்சியில் எப்படி வீசும் என்று சொல்லத் தேவையில்லை. பெரணி இலை மெல்லியது. நிழலில் இருந்தாலும் உலர்ந்த காற்று பட்டால் ஓரம் கருகிவிடும். எனவே மேற்கே சுவர் மறைப்பு இருக்கும் இடமாகப் பாருங்கள். கிழக்கோ வடக்கோ திறந்திருந்தால் நல்லது. காலை வெயில் சிறிது நேரம் சாய்வாகப் படலாம். உச்சி வெயில் கூடாது. புத்தகத்தை வைத்துப் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்தால் அது பெரணிக்குப் போதும். முழு இருட்டு மூலையில் வளராது.

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தீவு இது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் கிணறுகளிலும் நீர் ஏறும். பழைய வீடுகளின் கொல்லையில் கிணற்றடி, துணி துவைக்கும் கல், நீர் சொட்டும் குழாயடி என்று எப்போதும் ஈரம் கசியும் ஒரு மூலை இருக்கும். பாசி படர்ந்து பச்சையாக இருக்கும் அந்த மூலைதான் பெரணிக்கான இடம். ஆனால் சோப்புத் தண்ணீர் ஓடும் வழியில் வைக்க வேண்டாம். பள்ளியில் என்றால், குடிநீர்த் தொட்டிக்குப் பின்புறம் பாருங்கள்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பானைக்குள் பானை வைக்கலாம். பெரிய மண்தொட்டிக்குள் சிறிய மண்தொட்டியை வைத்து, இடையில் ஆற்று மணலை நிரப்பி, அந்த மணலை மட்டும் ஈரமாக வைத்திருங்கள். மண்சுவர் வழியாகக் கசியும் ஈரமும் குளிர்ச்சியும் உள்ளே போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவம்தான்.

மண்ணும் தண்ணீரும்

கலவை எளிது. நன்றாக மக்கிய இலைமக்கு இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நசுக்கிய செங்கல் துண்டு ஒரு பங்கு. பழைய சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக் காரை கொஞ்சம் கிடைத்தால் சேர்க்கலாம். தென்னை நார்க் கழிவு சேர்ப்பதாக இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுச் சேருங்கள். பச்சைச் சாணமும் யூரியாவும் வேண்டாம். காட்டில் இதற்கு யாரும் உரம் போடுவதில்லை.

தண்டைப் புதைக்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். கத்தரி நாற்று நடுவதுபோல் ஆழமாக நட்டால் அழுகிவிடும். தண்டு மண்ணின் மேல்மட்டத்தில் பாதி தெரியும்படி, வேர் மட்டும் உள்ளே இருக்கும்படி வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது, காயவும் கூடாது. விரலால் தொட்டால் பிழிந்த துணிபோல இருக்க வேண்டும். உப்புச்சுவை உள்ள போர்வெல் நீரைத் தவிர்த்து மழைநீரோ காவிரிக் குடிநீரோ ஊற்றுங்கள்.

எங்கிருந்து எடுப்பது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் வளர்ப்பைப் பற்றி மட்டும் பேசினால் நன்மையைவிடத் தீமைதான் அதிகம். சுற்றுலாவுக்கு மலைக்குப் போகும்போது ஓடையோரத்தில் பெரணியைக் கண்டால் பிடுங்கிக்கொண்டு வரத் தோன்றும். செய்யாதீர்கள். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அப்படிப் பிடுங்கிய செடி வேரறுந்து, காரில் வாடி, பெரும்பாலும் வீட்டில் பிழைப்பதும் இல்லை என்பது மறுபுறம்.

ஒரு நாடே இப்படிச் செய்து பார்த்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பெரணி சேகரிப்பது பெரிய மோகமாக இருந்தது. எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் அதற்குப் ‘பெரணிப் பித்து’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். கூடை கூடையாகப் பிடுங்கி நகரங்களில் விற்றார்கள். சில அரிய இனங்கள் அவை வளர்ந்த இடங்களிலிருந்தே துடைத்தெடுக்கப்பட்டன. அவர்கள் எல்லோரும் பெரணியை விரும்பியவர்கள்தான். விருப்பம் மட்டும் ஒரு செடியைக் காப்பாற்றாது.

நம் ஊரிலும் அது குறைந்துவருகிறது. முன்பு செங்கல் கட்டிய கிணறுகளில், படிக்கட்டு இடுக்குகளில் பெரணி தானாக வளர்ந்தது. கிணறுகள் மூடப்படுகின்றன அல்லது சிமெண்ட் பூசப்படுகின்றன. பழைய சுவர்களில் செடி வளர்ந்தால் கட்டடத்துக்குக் கேடு. அதை அகற்றுவது தவறில்லை. ஆனால் சுவரில் இடம் இழந்த செடிக்கு நம் கொல்லையில் ஒரு தொட்டி கொடுக்க முடியும்.

அப்படியானால் வழி என்ன? இரண்டு வழிகள். முதலாவது, ஏற்கெனவே வீட்டில் வளர்ப்பவர்களிடமோ நர்சரியிலோ வாங்குவது. நடக்கும் பெரணியின் இலை நுனியை ஆகஸ்ட் முதல் டிசம்பருக்குள் பக்கத்துத் தொட்டி மண்ணில் ஒரு சிறு கல்லால் அழுத்திவைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். புதுக் கொழுந்து எழுந்த பிறகு தாய்ச்செடியோடு உள்ள தொடர்பை வெட்டிவிடலாம். ஒரு ஆசிரியரிடம் செடி இருந்தால் ஒரு குறுவள மையத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இப்படிக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது வழி, ஒரே ஒரு இலையிலிருந்து தொடங்குவது. இதுதான் ஆசிரியர்களுக்கு உரிய வழி.

ஓர் இலை, ஒரு செங்கல், ஒரு பாட்டில்

பெரணிக்கு விதை கிடையாது. இலையின் அடியில் உள்ள வித்தகங்களில் தூசு போன்ற வித்துகள் உண்டு. இவற்றிலிருந்துதான் செடி வருகிறது என்பதையே உலகம் நெடுங்காலம் அறியாமல் இருந்தது. பெரணிக்குக் கண்ணுக்குத் தெரியாத விதை இருக்கிறது, அதை வைத்திருப்பவனும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவான் என்று ஐரோப்பாவில் நம்பினார்கள். ஜமைக்காவில் மருத்துவராக இருந்த ஜான் லிண்ட்சே அந்தத் தூளை மண்ணில் தூவி நாள்தோறும் கவனித்து, அது முளைப்பதைக் கண்டார். அவருடைய கட்டுரை 1794இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அவர் செய்ததை நம் எட்டாம் வகுப்பு மாணவர்களும் செய்யலாம். இதோ முறை.

டிசம்பர், ஜனவரியில் இலை முதிர்ந்திருக்கும். அடியாண்டத்தில் சிற்றிலையின் ஓரம் உள்பக்கமாக மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் வித்தகங்கள். மடிப்பு பழுப்பாகியிருந்தால் தயார். வளர்ப்புச் செடியிலிருந்து ஓர் இலையை வெட்டி, வெள்ளைத் தாளின் மேல் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, இன்னொரு தாளால் மூடி, காற்றுப் படாத இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். தாளைப் பிரித்தால் இலையின் உருவம் பழுப்புத் தூளால் வரைந்ததுபோல இருக்கும். தாளைத் தட்டி, குப்பையை நீக்கி, தூளை மட்டும் காகிதப் பொட்டலமாக மடித்து, தேதியும் இடமும் எழுதி, உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

உடனே விதைக்க வேண்டாம். இளஞ்செடிகள் மே மாத வெயிலில் மாட்டிக்கொள்ளும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு விதைப்பதே நம் ஊருக்குப் பொருத்தம். உலர்ந்த நிலையில் இந்த வித்துகள் அதுவரை கெடாமல் இருக்கும்.

ஜூனில் ஒரு செங்கல் துண்டை எடுத்துக் கழுவி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு ஆறவிடுங்கள். பூஞ்சையும் பாசியும் முந்திக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த வேலை. கொதிக்கவைத்து ஆறிய நீரை ஒரு தட்டில் ஒரு விரற்கடை ஊற்றி, அதில் செங்கல்லை நிறுத்துங்கள். செங்கல் நீரை உறிஞ்சி மேல்வரை ஈரமாகும். பொட்டலத்தைப் பிரித்து, விபூதி தூவுவதுபோல மிகக் குறைவாகத் தூவுங்கள். அதிகம் தூவினால் நெருங்கி முளைத்து ஒன்றும் தேறாது. அகன்ற வாய்க் கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கவிழ்த்து மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

கண்ணாடிக்குள் செடி வளர்க்கும் இந்த வழிக்கும் ஒரு கதை உண்டு. லண்டனில் நத்தானியல் வார்டு என்ற மருத்துவர் 1829 வாக்கில், ஒரு கூட்டுப்புழு அந்துப்பூச்சியாவதைப் பார்க்க ஈர மண்ணோடு அதை மூடிய பாட்டிலில் வைத்திருந்தார். மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. புகை மண்டிய லண்டனில் அவர் தோட்டத்தில் பிழைக்காத பெரணி, பாட்டிலுக்குள் பிழைத்தது. உள்ளே ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்பியது. லண்டன் புகைக்கு உதவிய பாட்டில், திருச்சியின் வறண்ட காற்றுக்கும் உதவும். நீர்ச்சுழற்சிப் பாடத்துக்கு இதைவிட மலிவான கருவியும் இல்லை.

சில வாரங்களில் செங்கல்மேல் பச்சைத் திரை போலத் தெரியும். மாணவர்கள் “பாசி பிடிச்சிருச்சு சார்” என்பார்கள். கழுவவிடாதீர்கள். கைலென்ஸில் பாருங்கள். மேலும் சில வாரங்களில் அது சிறு நகத்தளவுகூட இல்லாத இதய வடிவத் தகடுகளாகும். பாடநூலில் நாம் வரையச் சொல்லும் முன்உடலம் இதுதான். இந்தக் கட்டத்தில் ஆறிய நீரை மெல்லத் தெளிக்க வேண்டும். பெரும்பாலான பெரணிகளில் ஆண் இனச்செல் நீரில் நீந்திப் போய்த்தான் பெண் இனச்செல்லை அடையும். நீர்ப்படலம் இல்லாவிட்டால் கருவுறுதல் இல்லை. நிலத்துக்கு வந்த பிறகும் நீரை முழுதும் விடமுடியாத தாவரம் என்று நாம் சொல்லும் வாக்கியத்தின் பொருள் இந்தத் தெளிப்பில் இருக்கிறது.

செப்டம்பர், அக்டோபரில் தகடுகளின் அடியிலிருந்து முதல் இலை எழும். ஒரு அரிசி அளவுதான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கி, மூன்று நான்கு இலை வந்ததும் சிறு தொட்டிக்கு மாற்றலாம். கோடைக்குள் தண்டு தடித்திருக்கும். ஓர் இலையிலிருந்து ஒரு பள்ளிக்குத் தேவையான செடிகள் கிடைத்துவிடும். காட்டில் ஒன்றும் குறையவில்லை.

வகுப்பறையில்

2022 நவம்பரில் வானவில் மன்றம் நம் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. எளிய பொருள்களால் அறிவியலைச் செய்து பார்ப்பதுதான் அதன் நோக்கம். அதற்குப் பெரணி பொருத்தமான செடி.

தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு: அடியாண்டம் இலையைத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளி போல மின்னும். வெளியே எடுத்தால் நனைந்திருக்காது. ‘நனையாதது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அடியாண்டம் என்ற பெயரே வந்தது. தாமரை இலையோடு ஒப்பிடச் சொல்லலாம். சுருள் கொழுந்தைத் தினமும் வரையச் சொன்னால் ஒரு வாரத்தில் விரியும் கதை ஒன்று அவர்கள் நோட்டில் இருக்கும்.

நடுநிலை வகுப்புகளுக்கு: மூன்று பெரணி இலைகளின் அடிப்பக்கத்தை ஒப்பிடுங்கள். நடக்கும் பெரணியில் ஓர மடிப்பு. சுவரில் வளரும் டெரிஸில் ஓரம் முழுதும் கோடு. நர்சரிப் பாஸ்டன் பெரணியில் இரு வரிசைப் புள்ளிகள். வகைப்பாடு என்பது மனப்பாடம் இல்லை, கூர்ந்து பார்ப்பது என்று அவர்களுக்கே தெரியும்.

மேல்நிலை வகுப்புக்கு: முதிர்ந்த வித்தகங்களை நீர் இல்லாமல் கண்ணாடித் தகட்டில் வைத்து, விளக்கின் சூடு படும்படி நுண்ணோக்கியில் பாருங்கள். காயக் காய வித்தகத்தின் வளையம் பின்னோக்கி வளைந்து, உண்டிவில் போலச் சட்டென்று திரும்பி வித்துகளை எறியும். ஒருமுறை பார்த்த மாணவர் மறக்க மாட்டார். பிறகு எண்ணச் சொல்லுங்கள். ஒரு வித்தகத்தில் பொதுவாக 64 வித்துகள் இருக்கும். 32 மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் கருவுறுதல் இல்லாமலேயே முன்உடலத்திலிருந்து செடி எழும் வகை. நடக்கும் பெரணியிலும் அத்தகைய வகை நம் நாட்டில் பதிவாகியிருக்கிறது. உங்கள் செடி எந்த வகை என்று புத்தகம் சொல்லாது. மாணவர்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஆர்வம் உள்ளவர்கள் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967இல் நிறுவிய உலர்தாவரக் காப்பகம் அது. தமிழகச் சமவெளி, மலைகளின் தாவரங்களைப் பற்றிய பெருநூல்கள் அங்கிருந்துதான் வந்தன. தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளுக்கு வி.எஸ். மாணிக்கமும் வி. இருதயராஜும் எழுதிய நூல் 1992இல் வெளிவந்தது. இந்த வேலைகளுக்கெல்லாம் அடிப்படை, சேகரித்த இடமும் தேதியும் எழுதிய ஒரு சீட்டு. நம் தொட்டிகளிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கட்டும்: யாரிடமிருந்து வந்தது, எந்த நாள், எந்தப் பள்ளி.

ஓர் எச்சரிக்கை. கிணற்றுச் சுவரில் பெரணி பார்க்கக் குழந்தைகளை எட்டிப்பார்க்கவிட வேண்டாம். கிணற்றுச் செடியை நாம் பார்த்து, படம் எடுத்துக் காட்டினால் போதும்.

மே மாதம்

கடைசியாக மிக முக்கியமான பகுதி. மார்ச் முடிவில் இலை ஓரங்கள் பழுக்கும். ஏப்ரலில் காய்ந்து உதிரும். மாணவர்கள் ஓடிவந்து, “டீச்சர், செத்துப்போச்சு” என்பார்கள். பெரும்பாலான தொட்டிகள் குப்பைக்குப் போவது இந்த நாளில்தான். அப்போது தொட்டியைக் கொட்டாதீர்கள். விரலால் மண்ணை மெல்ல விலக்கித் தண்டைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, உள்ளே வெளிறிய பச்சையாக இருந்தால் அது உறங்குகிறது. மென்மையாகி நொறுங்கினால் மட்டுமே இறந்தது. இதைக் குழந்தைகளையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் ‘இறந்தது’ என்று எழுதும் முன் சோதிக்க வேண்டும் என்பதும் ஒரு அறிவியல் பாடம்தான்.

விடுமுறைக்கு முன் தொட்டிகளையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக, வடக்குச் சுவரின் நிழலில் வையுங்கள். மேலே காய்ந்த இலைச்சருகைக் கனமாகப் போர்த்துங்கள். பானைக்குள் பானை முறையில் இருந்தால் வெளிமணலில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஒரு சொம்பு தண்ணீர் போதும். பள்ளிக்கு அருகில் வீடு உள்ள ஒரு மாணவர் அதைச் செய்துவிடுவார். உறங்கும் தண்டுக்கு நிறையத் தண்ணீர் ஊற்றினால் அழுகும். ஒரேயடியாக விட்டுவிட்டால் உலர்ந்து தூளாகும். அக்னி நட்சத்திரம் கழியும்வரை இந்த நடுவழிதான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் சருகை விலக்கி, தண்ணீரைக் கூட்டுங்கள். பொறுமையாக இருங்கள். காவிரியில் தண்ணீர் வந்து, ஆடிப்பெருக்கு நெருங்கும்போது, ஆங்கில மொழியின் கேள்விக்குறியைப் போல வளைந்த ஒரு சுருள் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழும். சில தொட்டிகளில் முன்னே வரும், சிலவற்றில் பின்னே வரும். எல்லாத் தொட்டியும் ஒரே நாளில் எழுவதில்லை என்பது வகுப்பறையில் நிற்கும் நமக்குப் புதிய செய்தி இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த டிசம்பரில் ஓர் இலை. வரும் ஜூனில் ஒரு செங்கல். ஏப்ரலில் ஒரு தொட்டியைக் கொட்டாமல் வைத்திருக்கும் பொறுமை. பாடநூலில் வட்டமாக இருக்கும் பெரணியின் வாழ்க்கை முழுவதும் உங்கள் மாணவர்களின் கண்முன் நடந்து முடியும்.